மசுயோ செய்த காமிரா

ஜூலை பதினொன்றாம் தேதி, விடிந்தும் விடியாத நேரத்தில் மசுயோ தோட்டத்துக்குப் போனபோது, ரோட்டை ஒட்டிய ஆறு பீச் மரங்களில் கனிந்த பழம் ஒன்றுகூட இல்லை. இன்னும் மூன்று நாள் போகட்டும், நிறம் ஏறட்டும் என்று அவள் விட்டுவைத்திருந்த மரங்கள் அவை.

அவள் கூச்சல் போடவில்லை. மரத்தடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கிளை முறியவில்லை. பழத்தின் அடிப்பக்கமும் சிவக்கட்டும் என்று வெயிலைத் திருப்பி மேலே அடிக்க விரித்திருந்த வெள்ளித்தாளில் ஒரு பழம்கூட விழுந்து நசுங்கவில்லை. காயாக இருந்தவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கனிந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பீச்சை விரலால் பிடித்து இழுத்தால், விரல் பட்ட இடம் அன்று சாயங்காலமே பழுப்பாகிவிடும். உள்ளங்கையில் ஏந்தி, லேசாகத் தூக்கித் திருப்ப வேண்டும். அப்படித்தான் எடுத்திருந்தார்கள். காம்பு ஒவ்வொன்றும் சுத்தமாக விட்டிருந்தது.

பின்னால் வந்த கணவன் கெங்கோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"குரங்கா இருக்கும்."

"குரங்கு செருப்பு போட்டுக்கிட்டு வருமா?" என்று மசுயோ வெள்ளித்தாளைக் காட்டினாள். கட்டைவிரல் தனியாகப் பிரிந்த துணிக்காலணியின் தடம் அதில் தெளிவாகப் பதிந்திருந்தது.

"அது உன்னோடதா இருக்கும். இல்லைன்னா என்னோடது. இந்தப் பக்கத்துல அதைப் போடாதவன் யாரு?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் மசுயோ.

போலீஸ்காரர் வந்தார், படம் எடுத்தார், எழுதிக்கொண்டார். "வெளியூர்க் கும்பல்தாங்க. டிரக்ல வந்து அள்ளிட்டுப் போயிடறாங்க" என்றார். மசுயோ தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. வெளியூரான் கிளையோடு முறிப்பான். இது வருஷக்கணக்கில் பீச் பறித்த கை. அன்று முதல் அவள் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். கூட்டுறவுக் கொட்டகையில் பழம் தரம் பிரிக்கும்போது, எதிரே நிற்பவர்களின் முகத்தைப் பார்க்காமல், பழத்தை எடுத்து வைக்கும் கையைப் பார்த்தாள். எல்லாருமே உள்ளங்கையில் ஏந்தித்தான் எடுத்தார்கள். இருபது வருஷமாகத் தெரிந்த கைகள். எதைப் பார்த்தாலும் திருட்டுக்கையாகவே தெரிந்தது.

தோட்டத்துக்கு மின்கம்பி கிடையாது. பேட்டரியில் ஓடும் காமிரா நாலு நாளில் படுத்துவிடும், அதைக் கழற்றி மாட்டுவதே ஒரு வேலையாகிவிடும் என்று கெங்கோ சொன்னான். மசுயோ யோசித்தாள். காமிரா படம் பிடிக்காவிட்டால் என்ன? இருக்கிறது என்று திருடன் நினைத்தால் போதாதா? நினைக்க வைக்க ஒரு சிவப்புப் புள்ளி போதும்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருஷம் அவள் கோஃபு நகரில் அளவுக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மின்சுற்றுப் போர்டுகளில் சால்டர் வைத்துப் பற்றவைத்தவள். மகள் பிறந்ததும் நின்றுவிட்டாள். சால்டரிங் அயர்னும், ஒரு பிஸ்கட் டின் நிறைய உதிரிச் சாமான்களும் அலமாரியின் அடித்தட்டில் இன்னும் இருந்தன. வெயில் உச்சியில் தோட்டத்தில் நிற்க முடியாது, எல்லாரும் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்கள். கெங்கோ உள்ளறையில் குறட்டை விட ஆரம்பித்ததும் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவனிடம் சொல்லவில்லை. ஒரு பாட்டில் சாக்கே மது உள்ளே போனால் அவன் வாயில் எதுவும் நிற்காது. அவன் குடிப்பதும் கொட்டகையில் அவள் பார்க்கும் அந்தக் கைகளோடுதான்.

இரண்டு டிரான்சிஸ்டர், வகைக்கு ஒன்றாக. ஒரு கண்டன்சர், மூன்று நாலு ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி., விரல் பருமனில் இரண்டு பேட்டரி. கண்டன்சரில் மின்சாரம் சொட்டுச் சொட்டாக நிரம்பும். நிரம்பியதும் முதல் டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு இரண்டாவதைத் தட்டி எழுப்பும். விளக்கு ஒரு வெட்டு வெட்டும். உடனே இரண்டும் தூங்கிவிடும். தூங்குகிற நேரத்தில் பேட்டரியிலிருந்து போவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்த ஒருத்தி விளையாட்டாகச் செய்து காட்டியது, மசுயோவின் கைக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

கண்ணுக்குத்தான் ஞாபகம் இல்லை. முதல் தடவை விளக்கு எரியவே இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கால்கள் இடம் மாறியிருந்தன. எடுத்துத் திருப்பி வைத்தாள். இப்போது எரிந்தது, ஆனால் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரிப் படபடவென்று அடித்துக்கொண்டது. இதைப் பார்த்து எந்தத் திருடன் பயப்படுவான்? ரெசிஸ்டர் ஒன்றைக் கழற்றிவிட்டு, பல மடங்கு பெரியதாக ஒன்றை வைத்தாள். விளக்கு நிதானத்துக்கு வந்தது. இரண்டு விநாடிக்கு ஒரு தடவை, சுருக்கென்று, ஊசி குத்துகிற நேரம் மட்டும். மீட்டரை வைத்துப் பார்த்தாள். முள் பூஜ்யத்தை விட்டு நகர மனமில்லாமல் கிடந்தது. இந்தப் பேட்டரி இரண்டு பழக்காலம் தாங்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"என்ன கருகுற வாடை?" உள்ளறையிலிருந்து கெங்கோவின் குரல் வந்தது.

"சாதத்தைச் சுட வச்சேன்."

"மத்தியானம் நூடுல்ஸ்தானே சாப்பிட்டோம்?"

"ராத்திரிக்குங்க. படுங்க."

அவனுடைய குறட்டை திரும்ப வரவில்லை.

உப்பில் ஊறிய பிளம் ஊறுகாய் வந்த சதுர டப்பாவுக்குக் கறுப்பு வண்ணம் அடித்தாள். முன்பக்கத்தில் ஓட்டை போட்டு, மகளின் பழைய விளையாட்டுத் தொலைநோக்கியிலிருந்து எடுத்த கண்ணாடியைப் பொருத்தினாள். அதற்குக் கீழே சிவப்பு விளக்கு. மறுநாள் காலையில் ரோட்டோரத்து மரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, இலை நிழலில் அதைக் கட்டினாள். கீழே ஒரு பலகையில் 'காமிரா பதிவு செய்கிறது' என்று எழுதி மாட்டினாள்.

கெங்கோ அண்ணாந்து பார்த்தான். "இது எப்போ வாங்கினே?"

"பார்சல்ல வந்துச்சு. போன்ல படம் காட்டும்."

"என் போன்லயும் போட்டுக் குடேன்."

"ஒரு போன்லதான் வருமாம்."

அவன் ரோட்டை ஒரு தடவை பார்த்தான், டப்பாவை ஒரு தடவை பார்த்தான். "சத்தமும் கேக்குமா?"

மசுயோ அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். திருடனைப் பிடிக்கிற காமிராவுக்குச் சத்தம் எதற்கு?

"கேக்கும்" என்றாள்.

முதலில் வந்தவள் ஃபுசாயே. கால்வாய்க்கு அந்தப் பக்கத் தோட்டம் அவளுடையது. மசுயோவைவிட ஒன்பது வயது மூத்தவள், மருமகளை ஊரறியத் திட்டுகிறவள். ஒரு பை நிறைய வெள்ளரி ஊறுகாயோடு சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். பார்லி தேநீர் இரண்டு தம்ளர் குடித்தாள். மழையைப் பற்றிப் பேசினாள், முட்டிவலியைப் பற்றிப் பேசினாள். எழுந்து போகிறவள் மாதிரி எழுந்து, திரும்பி நின்றாள்.

"அந்தக் காமிரா, கால்வாய்க் கரை வரைக்கும் பாக்குமா, மசுயோ?"

"நல்லா பாக்கும்."

"அப்போ பாத்துட்டே."

வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று மசுயோ பேசாமல் ஃபுசாயேயின் கையையே பார்த்தாள்.

"ஏன் அப்படி முறைக்கிறே? சொல்லிடறேன். அழுகின பழத்தையெல்லாம் உன் பக்கத்துக் கரையில கொட்டினது நான்தான். புதைக்கறதுக்குக் குழி வெட்ட என்னால முடியல, என் மகனுக்கு நேரமில்ல. இந்த வருஷம் மட்டும்தான்."

"இந்த வருஷம் மட்டுமா?"

"போன வருஷமும்."

இரண்டு வருஷமாக அந்தக் கரையோர மரங்களில் நோய் வருகிறதே, காற்றுதான் கொண்டுவருகிறது என்று மருந்தடித்து மருந்தடித்து ஓய்ந்திருந்தாள் மசுயோ. அவளுக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் அடியில் வேறொன்று குறுகுறுத்தது. ஒரு துளி வெளிச்சம் இவ்வளவு பேச வைக்கிறதே. இன்னும் யார் யார் வருவார்கள்?

வராமல் போனவர் ஹோசாகா. எழுபத்தொன்பது வயது, மேட்டுத் தோட்டத்துக்காரர். தினமும் காலை ஆறரைக்கு அவருடைய குட்டி டிரக் அந்த ரோட்டில் இறங்கும், மரத்தடியில் நிற்கிற மசுயோவுக்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகும். காமிரா கட்டிய மறுநாளிலிருந்து அந்த டிரக் வரவில்லை. வண்டி வீட்டில் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. கோயில் பின்பக்கமாகச் சுற்றி, ஒரு வண்டி மட்டும் போகிற கரடுமுரடான பாதையில் அது இறங்குவதை மூன்றாம் நாள் அவளே ஏணி மேலேயிருந்து பார்த்தாள். நாலாம் நாளும் பார்த்தாள். நேர் ரோட்டை விட்டுவிட்டு எதற்கு அந்தச் சுற்று?

ஹோசாகா பழம் பறிப்பதைப் பார்க்கக் கூட்டுறவிலிருந்து புதியவர்களைக் கூட்டி வருவார்கள். அந்தக் கை பட்ட பழத்தில் நகக்கீறல்கூட இருக்காது. மசுயோ ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொன்னாள்.

"ஹோசாகா-சானா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றான் கெங்கோ, மரியாதைச் சொல்லான 'சான்'-ஐ அழுத்தி. "அவருக்கே தோட்டம் நிறைய பழம்."

"அப்போ ஏன் சுத்திப் போறாரு?"

"அவர் வண்டி, அவர் பெட்ரோல். நீ ஒருத்தரையும் விடமாட்டியா?"

அவன் சொன்ன விதம் அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஹோசாகாவுக்காக இவன் எதற்கு இவ்வளவு பதற வேண்டும்? சத்தம் கேட்குமா என்று கேட்டவன் இவன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வேண்டுமென்றேதான், குரலைத் தாழ்த்தி ஒரு கல்லை எறிந்து பார்த்தாள்.

"ரோட்டோரத்துல நீங்க நின்னதையும் பாத்தேன்."

கெங்கோவின் சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன. அவன் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"பேசினதும் கேட்டுச்சா? தள்ளித்தானே நின்னோம்!"

அவள் தேநீரை எடுத்துத் தன் தம்ளரில் ஊற்றினாள்.

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த சோலார் கம்பெனிக்காரன் சும்மா அளந்து பாத்துட்டுப் போனான். கையெழுத்து எதுவும் போடல. கீழ்த்தோட்டம் மட்டும்தான். சோலார் தகடு வைக்க இருபது வருஷக் குத்தகை. என் முட்டி போயிடுச்சு, மசுயோ. ஏணியில ஏறினா கால் நடுங்குது. உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நீ இருக்கும்போது நான் ஏறறதே இல்ல."

கீழ்த்தோட்டத்தில்தான் அவள் கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட மரங்கள் இருந்தன. ஆனால் அவளைச் சுட்டது அது இல்லை. ஆறு மரத்தைக் கொள்ளையடித்தவனைத் தேடிப் போனவளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனே ஒன்றை ஒளித்துவைத்திருந்தது தெரிந்ததுதான். எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போனாள். அன்றும் மறுநாளும் அவர்கள் இரண்டு பேரும் பழத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

அந்த எரிச்சலோடுதான் அவள் மூன்றாம் நாள் ஹோசாகாவின் வீட்டுக்கு ஏறிப் போனாள். அவர் கொட்டகையில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். டிரக்கின் முன்சீட்டில், செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. உருண்டையாக, ஒரு பீச் அளவில்.

"வா, மசுயோ-சான். தேநீர் போடவா?"

"வேண்டாங்க." நின்றபடியே சொன்னாள். "காமிரா கட்டினதுக்கு அப்புறம் நீங்க அந்தப் பக்கமே வர்றதில்ல. ஆனா அது கட்டின அன்னிக்குக் காலையிலேயே உங்க வண்டி அதுல பதிஞ்சுடுச்சு. எனக்குத் தெரியும், ஹோசாகா-சான்."

கிழவர் கையிலிருந்த பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டார்.

"யார்கிட்ட சொன்னே?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

"கொஞ்ச நாள் விடு. பழக்காலம் முடியட்டும். அப்புறம் நானே நிறுத்திடறேன்."

"நிறுத்திடறீங்களா?" என்றாள் மசுயோ. "உங்களால எப்படிங்க முடிஞ்சுது?"

"வேற வழி என்ன இருக்கு? நீயே சொல்லு" என்றார் அவர். அதற்கு மேல் பேச அவருக்கு விருப்பமில்லை என்பது போல முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அவள் இறங்கி வந்தாள். காதால் கேட்ட பிறகு சந்தேகத்துக்கு என்ன இடம்? ஆனாலும் போலீசுக்குப் போக மனம் வரவில்லை. எழுபத்தொன்பது வயது. மனைவி பக்கத்து ஊரான இசாவாவில் முதியோர் காப்பகத்தில் கிடக்கிறாள். பழக்காலம் முடியட்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி காலையில் ஃபுசாயேயின் தோட்டத்தில் பதினான்கு மரங்கள் காலியாகியிருந்தன.

ஒன்பது மணிக்கு ஃபுசாயே, கூட்டுறவு அதிகாரி, போலீஸ்காரர் மூன்று பேரும் மசுயோவின் வாசலில் நின்றார்கள். ஃபுசாயே அழுது முடித்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது.

"அந்த ரோட்டைத் தாண்டாம என் தோட்டத்துக்கு வண்டி வராது. உன் காமிரா பாத்திருக்கும். காட்டு."

"பதிவை எங்களுக்குக் குடுத்தீங்கன்னா போதுங்க" என்றார் போலீஸ்காரர்.

மசுயோ எழுந்திருக்கவில்லை. கெங்கோ உள்ளேயிருந்து அவளுடைய போனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். "எடுத்துக் காட்டேன். என்ன யோசனை?"

அவள் போனைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். நாலு பேரும் பின்னால் வந்தார்கள். ஏணியைச் சாய்த்து ஏறி, டப்பாவை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். மூடியைத் திறந்து போலீஸ்காரரிடம் நீட்டினாள். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, இரண்டு பேட்டரி. சிவப்பு விளக்கு யாருக்கும் கவலைப்படாமல் மின்னிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல காமிரா எங்கங்க?"

"காமிரா இல்லைங்க. விளக்கு மட்டும்தான்."

கூட்டுறவு அதிகாரி இருமினார். டப்பாவின் அடியில் வண்ணம் படாமல் விட்டுப்போன இடத்தில் ஊறுகாய்க் கம்பெனியின் பூப்படம் தெரிந்தது. ஃபுசாயேதான் அதை முதலில் கண்டாள்.

"ஊறுகாய் டப்பா. ஒரு ஊறுகாய் டப்பாவுக்குப் பயந்துதான் உன் வாசல்ல வந்து தலை குனிஞ்சேனா? நீயும் எல்லாம் பாத்தவ மாதிரி முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே?"

"அப்போ நீ என்னைப் பாக்கவே இல்ல" என்றான் கெங்கோ. மெதுவாகத்தான் சொன்னான்.

"பாக்கல."

"கேக்கவும் இல்ல."

"இல்ல."

அவன் அவளை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான். அந்த ஒரு அடி அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள். இத்தனை நாள் தான் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. இன்னும் என்னென்ன பொய் வைத்திருக்கிறாள், யாரைப் பற்றி என்னென்ன தெரிந்துவைத்திருக்கிறாள் என்று துழாவுகிற பார்வை. முகமெல்லாம் பற்றி எரிய, அதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்ற ஒரே அவசரத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"விளக்கு பொய்தான். ஆனா அதைப் பாத்துட்டு ஒருத்தர் என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. ஹோசாகா-சான்."

அந்தப் பெயர் வாயை விட்டுப் போன நொடியிலேயே அதைத் திருப்பி எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேட்டுக்கு ஐந்து பேரும் ஏறிப் போனார்கள். ஹோசாகா அப்போதுதான் டிரக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார். போலீஸ்காரரைக் கண்டதும் அந்தக் காலை உள்ளே இழுக்கவும் இல்லை, மற்றதை இறக்கவும் இல்லை.

"சொல்லிட்டியா?" என்று மசுயோவைக் கேட்டார்.

"என்ன ஒத்துக்கிட்டீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க, ஐயா" என்றார் போலீஸ்காரர்.

"அதான் பாத்துட்டீங்களே. லைசென்ஸ் இல்லாம ஓட்டினேன். வயசாயிடுச்சுன்னு நானே போன இலையுதிர்காலத்துல அதை உங்க ஸ்டேஷன்லதான் திருப்பிக் குடுத்தேன். கை தட்டினீங்க, பூங்கொத்து குடுத்தீங்க. பஸ் ரெண்டு மாறிப் போனா காப்பகத்துல அவ சாப்பாட்டு நேரம் முடிஞ்சுடுது. வேற யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டா. தினமும் ஒரு பழம் கொண்டுபோறேன், காலையில கொஞ்சம் சாப்பிடறா. அவ்வளவுதான்."

"பீச்சு?" என்றாள் ஃபுசாயே புரியாமல்.

"என்னோட மரத்துப் பீச்சு. எந்தப் பீச்சைக் கேக்கறே?"

கிழவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாக மசுயோவின் முகத்தில் வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

"நான் திருடினேன்னா வந்தே அன்னிக்கு?" என்றார். "எங்க வீட்டு வாசல்ல நின்னு அதைத்தான் கேட்டியா?"

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பார்த்ததைப் பார்க்காத மாதிரி விட அவரால் முடியாது. கண் முன்னால் வண்டியை ஓட்டி வந்திருக்கிறார், வாயாலும் சொல்லிவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டு, நாளை ஸ்டேஷனுக்கு வரும்படி மரியாதையாகச் சொன்னார். வழக்கு எழுதப்பட்டது, அபராதம் வந்தது. நகோயாவிலிருந்து ஹோசாகாவின் மகன் வந்து, ஊர் முழுக்கக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, டிரக்கை விற்றுவிட்டுப் போனான். மசுயோவின் வாசலிலும் குனிந்தான்.

பழம் திருடியவர்கள் அந்த வருஷம் அகப்படவில்லை. செப்டம்பரில் பக்கத்து மாகாணத்தில் திராட்சை திருடிய இருவரைப் பிடித்தார்கள். ஒருவன் பல வருஷம் இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் கூலிக்குப் பழம் பறித்தவன் என்று செய்தி வந்தது. அவர்கள்தானா என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஃபுசாயே அவர்கள்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள், அதனால் அவளுக்குத் தூக்கம் வந்தது. அழுகிய பழத்தைப் பற்றி அவள் பிறகு பேசவில்லை, ஆனால் கரையில் கொட்டுவது நின்றது.

விந்தை என்னவென்றால், கூட்டுறவு அதிகாரி ஆகஸ்டில் தனியாக வந்து, அந்த விளக்கு இன்னும் எட்டு வேண்டும், தோட்டங்களின் நுழைவாயிலில் மாட்டலாம் என்று கேட்டார். வெளியூரானுக்கு ஊறுகாய் டப்பா என்று தெரியவா போகிறது என்றார். மசுயோ மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போர்டை எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தாள், யாரையாவது வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்றாள்.

கெங்கோவோடு பேச்சு வர அதிக நாள் ஆனது. ஒருநாள் கீழ்த்தோட்டத்தில் அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க, பாக்கறேன்" என்றாள். நாலாவது படியில் அவன் கால் நடுங்கியதை முதல் தடவையாகப் பார்த்தாள். இறங்கியதும் அவன், "இப்போ நிஜமாவே பாத்துட்டே" என்றான். அவள் சிரிக்கவில்லை. கீழ்த்தோட்டத்தில் பாதியைக் குத்தகைக்கு விடலாமா என்று அன்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். முடிவுக்கு வரவில்லை. ஆனால் பேசினார்கள்.

ஹோசாகாவின் வீட்டுக்கு அவள் நாலு தடவை போனாள். மூன்று தடவை கதவு திறக்கவில்லை, உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது தடவை, அக்டோபர் மாதம், மழை பெய்துகொண்டிருந்தது. அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போகக் குடையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். அவள் தன் டிரக்கின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிப்பு கேக்க வரல. இசாவா போறேன். ஏறுங்க."

அவர் குடையை மடக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓட்டு. ஆனா என்கிட்ட பேசாதே."

அவள் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதற்கடுத்த வாரமும் பேசவில்லை. புதனும் சனியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பீச் காலம் முடிந்துவிட்டதால், மடியில் செய்தித்தாளில் சுற்றிய பேரிக்காய் இருந்தது. காப்பகத்து வாசலில் இறங்கும்போது ஒரு தலையசைப்பு, திரும்பி ஏறும்போது அதுவும் இல்லை.

மூன்றாவது வாரம், பாலத்துக்கு முன்னால் உள்ள சிக்னலில் அவள் வண்டியை நிறுத்தியபோது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரேக்கை இவ்வளவு லேட்டாவா போடுவாங்க?" என்றார். "பழம் நசுங்குது."

"சரிங்க" என்றாள் மசுயோ. சிக்னல் பச்சைக்கு மாறியதும், எப்போதும் போவதைவிட மெதுவாக வண்டியை எடுத்தாள்.